முக்காடு வைத்த பனியன்

சித்திரை, வைகாசியில் திருப்பூரில் குளிர்காலத் துணி தைப்பார்கள். வெளியே தார்ச்சாலை இளகும் வெயில். உள்ளே கட்டிங் டேபிளில் அடுக்கடுக்காக விரித்திருப்பதோ தொட்டாலே கதகதக்கும் ஃபிளீஸ். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர் எட்டிப் பார்க்கும்போது கடைகளில் தொங்க வேண்டிய சரக்கு அது. தூத்துக்குடியில் கப்பலேறிக் கடல் கடக்கும் நாட்களையும் கணக்கில் வைத்து இப்போதே தைத்தாக வேண்டும். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் ஓடும்.

அந்தத் துணியின் உட்புறத்தைப் பாருங்கள். த்ரீ த்ரெட் ஃபிளீஸ் என்பார்கள். பின்னும்போதே உள்பக்கத்தில் தடித்த நூல் ஒன்று வளைவு வளைவாகப் படுத்திருக்கும். ரைசிங் மிஷினில் கம்பிப்பல் வைத்த உருளைகள் அந்த வளைவுகளைக் கீறிப் பஞ்சாக எழுப்பிவிடும். சூடு தங்குவது அந்தப் பஞ்சில்தான். தைக்கும்போது பஞ்சு பறக்கும். அதனால் லைனில் இருக்கும் பெண்கள் துண்டால் தலையையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும்.

ஹூட் தைக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இடம், வலம் என இரண்டு துண்டு. உச்சந்தலையில் வருகிற நடுத்தையலை ஓவர்லாக்கில் ஓட்டுவார்கள். நாடா நுழைய இரண்டு கண் வைத்து, ஓரத்தை மடித்துத் தைத்துக் கழுத்தில் பொருத்த வேண்டும். பொருத்தும் இடத்தில்தான் கை நிதானப்பட வேண்டும். ஹூட்டின் இரண்டு முனையும் முன்கழுத்தின் நட்டநடுவில் வந்து சேர வேண்டும். கொஞ்சம் விலகினாலும் செக்கிங்கில் பீஸ் திரும்பி வந்துவிடும். பிறகு வயிற்றுப் பக்கம் கங்காரு பாக்கெட், மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் ரிப். டெய்லர், கைமடி, அயர்ன் மாஸ்டர் எனப் பல கை மாறி அது ஹூடி ஆகிறது.

திருப்பூரைச் சுற்றியுள்ள காடுகளில் ஆடு மேய்க்கிறவர்களுக்கு இப்படியொரு முக்காடு புதிதில்லை. மழை பிடித்தால் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் சொருகித் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். கொங்காடை என்பது அதன் பெயர், சில ஊர்களில் கொங்காணி. தலை நனையக் கூடாது, முதுகு நனையக் கூடாது, கை இரண்டும் வேலைக்குத் தடையின்றி இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் நோக்கம். அமெரிக்காவில் ஹூடி பிறந்ததும் இதே நோக்கத்தில்தான்.

முக்காட்டுக்கு முன்னால் பனியன் வந்தது. 1920களில் அலபாமா மாநிலத்தில் ரசல் குடும்பத்துப் பையன் ஒருவன் கால்பந்து ஆடினான். அக்காலத்து ஆட்டச் சட்டை கம்பளியால் ஆனது. வியர்த்தால் உடம்பெல்லாம் அரிக்கும். பெண்களின் உள்ளாடை தைத்துக்கொண்டிருந்த அப்பாவின் ஆலையில் தடித்த பருத்தியில் தளர்வாக ஒரு சட்டை தைத்துக் கேட்டான். வியர்வையை உறிஞ்சுகிற அந்தச் சட்டைக்கு ஸ்வெட் ஷர்ட் என்று பெயர் வந்தது.

அதில் முக்காடு சேர்ந்தது 1930களில். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் 1919இல் தொடங்கிய பின்னலாடைக் கம்பெனி சாம்பியன். பனி உறைந்த குளிர்கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்களுக்காகத் தலைமூடியோடு தைத்துக் கொடுத்தோம் என்று அந்தக் கம்பெனி தன் வரலாற்றைச் சொல்கிறது. தொப்பி போட்டால் காதும் கழுத்தும் விறைக்கும். மப்ளர் சுற்றினால் வேலைக்கு இடைஞ்சல். சட்டையோடு ஒட்டிய முக்காடு இரண்டுக்கும் வழி செய்தது. துவைத்தால் நீளத்தில் சுருங்கிவிடுகிறது என்று வீரர்களுக்குச் சட்டை வாங்குகிற பயிற்சியாளர்கள் குறைப்பட்டபோது, அதே கம்பெனி துணியைக் குறுக்குவாட்டில் திருப்பி வெட்டியது. அதற்கு 1938இல் காப்புரிமையும் வாங்கியது. கட்டிங் மாஸ்டர்கள் இதைக் கேட்டால் ரசிப்பார்கள். உலகம் முழுக்க ஒரு சட்டையின் ஆயுளைக் கூட்டியது, துணியைத் திருப்பிப் போட்ட அந்த ஒரு யோசனைதான்.

கிடங்கிலிருந்து மைதானம், மைதானத்திலிருந்து கல்லூரி விடுதி, அங்கிருந்து தெரு என்று ஹூடி மெல்ல நடந்தது. 1976இல் வந்த ‘ராக்கி’ படத்தில் ஏழைக் குத்துச்சண்டைக்காரன் சாம்பல் நிற ஹூடியோடு அதிகாலையில் ஃபிலடெல்ஃபியா தெருக்களில் ஓடுகிறான். 1982இல் வந்த ‘ஈ.டி.’ படத்துச் சிறுவன் எலியட்டுக்குச் சிவப்பு ஹூடி. இரண்டு பேரையும் உலகமே தன் வீட்டுப் பிள்ளையாக நினைத்தது. இதே காலத்தில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஹிப் ஹாப் பிறந்துகொண்டிருந்தது. தெருவில் நடனமாடிய பையன்களும், இரவில் ரயில் பெட்டிகளில் வண்ணம் தீட்டிய பையன்களும் இதையே போட்டார்கள். விலை மலிவு. குளிர் தாங்கும். ஆடி முடித்தபின் உடம்புச் சூடு ஆறாமல் காக்கும். வண்ணம் தீட்டியவர்களுக்கு முகம் தெரியாமல் இருப்பதும் வேண்டியிருந்தது. அந்த உண்மையை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ரயில் பெட்டியில் ஓவியம் வரைகிறவனைக் கொலைகாரனோடு சேர்த்துப் பார்க்க ஒரு மனம் வேண்டும். அந்த மனம் அங்கே ஹூடிக்கு வெகுகாலம் முன்பிருந்தே இருந்தது.

அமெரிக்காவில் மெய்யாகவே கொலை செய்த முக்காடு ஒன்று உண்டு. கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தின் வெள்ளை முக்காடு. கறுப்பின மக்களை வீடு புகுந்து அடித்தார்கள், எரித்தார்கள், மரத்தில் தொங்கவிட்டார்கள். 1925 ஆகஸ்ட் 8 அன்று அந்தக் கூட்டத்தார் பல்லாயிரம் பேர் வெள்ளை அங்கியும் கூர்முக்காடுமாக, முகத்திரை விலக்கி, தலைநகர் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் பட்டப்பகலில் அணிவகுத்துப் போனார்கள். காவல்துறை வழி ஒழுங்கு செய்துகொடுத்தது. அந்த முக்காட்டைப் பார்த்தவுடன் பிடித்து நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஹூடி போட்ட குற்றவாளி என்று அமெரிக்கர்கள் மனத்தில் பதிந்த பெரிய படங்களில் ஒன்று ஒரு வெள்ளைக்காரருடையதுதான். வெடிகுண்டுகளைத் தபாலில் அனுப்பியும் நேரில் வைத்தும் மூன்று பேரைக் கொன்ற ஒருவரை 1987இல் ஒரு பெண் நேரில் பார்த்திருந்தார். அவர் சொன்ன அடையாளத்தை வைத்து வரைந்த படத்தில் தலையில் முக்காடு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. 1996 ஏப்ரலில் மோண்டானா மலைக்காட்டுக் குடிசையில் பிடிபட்டபோது தெரிந்தது, அவர் ஹார்வர்டில் படித்த, பெர்க்லியில் பாடம் நடத்திய கணித அறிஞர் தியோடர் காசின்ஸ்கி. அதற்குப் பிறகு எந்தத் தெருவிலும் கணிதப் பேராசிரியர்களை நிறுத்திச் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கவில்லை. அந்தப் படத்திலிருந்து ஊர் எடுத்துக்கொண்டது முக்காட்டை மட்டும். அதையும் கறுப்புப் பையன்களின் தலையில் கொண்டுபோய் வைத்தது.

எப்படி வைத்தது என்பதற்கு ஒரு காகிதமே சாட்சி. நியூயார்க் போலீஸ்காரர் தெருவில் ஒருவரை நிறுத்தினால் அப்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. யூஎஃப் 250 என்பது அதன் பெயர். ஏன் நிறுத்தினீர்கள் என்பதற்கு எதிரே குட்டிக் குட்டிக் கட்டங்கள், ஒன்றில் டிக் அடித்தால் போதுமாயிருந்தது. அதிலொரு கட்டம், குற்றம் செய்ய வழக்கமாகப் பயன்படும் உடை அல்லது வேடம். தடவிச் சோதித்ததற்கான காரணங்களில் இன்னொரு கட்டம், பொருந்தாத உடை, ஆயுதம் மறைத்திருக்கலாம். எந்த உடை அது, யாருக்குப் பொருந்தாது, எந்த வானிலைக்குப் பொருந்தாது என்றெல்லாம் படிவம் கேட்கவில்லை. பேனா பிடித்தவரின் கண்ணே அளவுகோல். 2011இல் மட்டும் இப்படி நிறுத்தப்பட்ட நிகழ்வுகள் 6,85,724. அவற்றில் 88 விழுக்காட்டில் கைதும் இல்லை, அபராதச் சீட்டும் இல்லை. நிறுத்தப்பட்டவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வழியினர். 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின், நகரம் இதை நடத்திய விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். அதுவரை எத்தனை லட்சம் பையன்கள் சுவரில் கைவைத்துக் கால் அகட்டி நின்றிருப்பார்கள்! வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பார்கள்!

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. 2005 மே மாதம் கெண்ட் மாவட்டத்தின் புளூவாட்டர் வணிக வளாகம், முகம் மறைக்கும் ஹூடியோடும் தொப்பியோடும் உள்ளே வரக் கூடாது என்று விதி போட்டது. பிரதமர் டோனி பிளேர் வரவேற்றார். அதே வளாகத்துக் கடைகளில் ஹூடி விற்பனை தொடர்ந்தது. வாங்கலாம், போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. அங்கே ஹூடி என்ற சொல்லே உடையைக் குறிப்பதிலிருந்து மாறி, போட்டிருக்கும் ஏழை வீட்டுப் பையனைக் குறிக்கத் தொடங்கியது. ஒரு மனிதனை அவன் சட்டையின் பெயரால் அழைப்பது எத்தனை பெரிய அவமானம்!

2012 பிப்ரவரி 26க்கு வருகிறேன். இந்த உடையின் வரலாற்றை எழுதுகிற எவரும் அந்த நாளில் நின்றுதான் ஆக வேண்டும்.

ஃபுளோரிடா மாநிலத்தின் சான்ஃபோர்ட். டிரேவான் மார்ட்டினுக்குப் பதினேழு வயது நிறைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வாயிற்கதவு போட்ட ஒரு குடியிருப்பில், அப்பாவுக்கு நெருக்கமானவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தான். மாலையில் பக்கத்துக் கடைக்கு நடந்து போய் ஒரு பொட்டலம் ஸ்கிட்டில்ஸ் மிட்டாயும் ஒரு கேன் பழச்சாறு பானமும் வாங்கினான். திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. ஹூடியின் முக்காடு தலையில் இருந்தது. காரில் வந்த ஜார்ஜ் ஜிம்மர்மன், அக்குடியிருப்பின் கண்காணிப்புத் தன்னார்வலர், போலீசுக்குப் போன் செய்தார். சந்தேகப்படும்படி ஒருவன், மழையில் சும்மா நடக்கிறான், அங்குமிங்கும் பார்க்கிறான் என்றார். என்ன உடுத்தியிருக்கிறான் என்று எதிர்முனை கேட்டதும் ஹூடி என்றார். பின்தொடர வேண்டியதில்லை என்று எதிர்முனையில் இருந்தவர் சொன்னார். சில நிமிடத்தில் துப்பாக்கி வெடித்தது. குண்டு பையனின் நெஞ்சில் பாய்ந்தது. அவன் போய்ச் சேர வேண்டிய வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது.

ஜிம்மர்மன் மீது வழக்குப் பதிய ஆறு வாரத்துக்கும் மேல் ஆனது. தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார். 2013 ஜூலை 13 அன்று ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். விசாரணையின்போது டிரேவானின் ஹூடி நீதிமன்றத்துக்கு வந்தது. பெரிய கண்ணாடிச் சட்டகத்துக்குள், இரண்டு கையும் பக்கவாட்டில் விரிய, நெஞ்சில் துளையோடு. உள்ளே உடம்பில்லாத அந்தச் சட்டையைத் தூக்கி நிறுத்திக் காட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்குத் துணிக்கடையில் மாட்டித் தொங்கும் ஹூடிகளை முன்புபோல் பார்க்க முடிந்ததில்லை.

அந்தச் சாவுக்கு ஹூடியும் காரணம் என்று தொலைக்காட்சியில் சொன்னவர்கள் உண்டு. ஹெரால்டோ ரிவேரா என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சியாளர், சுட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு அந்த உடைக்கும் உண்டு என்றார். கறுப்பின, லத்தீன் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை ஹூடி போட்டு வெளியே அனுப்பாதீர்கள் என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

அவர் சொன்ன வார்த்தையை அன்றைக்கு எத்தனையோ அம்மாக்களும் தங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள், வேறொரு குரலில். வெளியே போகும் மகனை வாசலில் மறித்து, முக்காட்டைக் கழற்றிவிட்டுப் போ கண்ணா என்று சொல்லும் தாயின் பயத்தை நான் மதிக்கிறேன். பிள்ளை உயிரோடு திரும்ப வேண்டும் என்பதற்கு மேல் அவளுக்கு எந்தக் கொள்கையும் தேவையில்லை. ஆனால் ஊரே சேர்ந்து அந்தப் புத்தியைச் சொல்லும்போது பொருளே மாறிவிடுகிறது. துப்பாக்கி வைத்திருப்பவர் பார்வையைத் திருத்த வேண்டாம், மிட்டாய் வாங்கப் போகிறவன் சட்டையை மாற்றிக்கொண்டால் போதும் என்றாகிறது. சட்டையை மாற்றினால் தோல் மாறிவிடுமா? கறுப்பினப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் 2009இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் தன் சொந்த வீட்டு வாசலில் விலங்கு பூட்டப்பட்டார். திறக்க மறுத்த தன் வீட்டுக் கதவை அவர் தள்ளித் திறந்ததில் தொடங்கியது அது. அவர் தலையில் முக்காடு இல்லை.

டிரேவானுக்காக 2012 மார்ச்சில் அமெரிக்கா முக்காடு போட்டது. 21ஆம் தேதி நியூயார்க் யூனியன் சதுக்கத்தில் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ஹூடியோடு வந்தார்கள். அதன்பின் மயாமி ஹீட் கூடைப்பந்து அணி மொத்தமும் முக்காடு போட்டுத் தலைகுனிந்து நின்ற படத்தை லெப்ரான் ஜேம்ஸ் வெளியிட்டார். 28ஆம் தேதி இல்லினாய்ஸ் உறுப்பினர் பாபி ரஷ் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவையில் பேச எழுந்தார். பேச்சுக்கு நடுவே கோட்டைக் கழற்றினார். உள்ளே சாம்பல் நிற ஹூடி. முக்காட்டைத் தலைமேல் இழுத்துவிட்டு, ஹூடி போட்டதால் மட்டும் ஒருவன் ரவுடியாகிவிட மாட்டான் என்று சொல்லி, விவிலிய வசனம் வாசிக்கத் தொடங்கினார். அவையில் தலைமூடி கூடாது என்பது விதி. அவை நடத்தியவர் சுத்தியலைத் தட்டத் தட்ட, ரஷ் வாசித்துக்கொண்டே இருந்தார். வெளியே அழைத்துப் போனார்கள். அப்போது அவருக்கு 65 வயது. 1999இல் சிகாகோ தெருவில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மகனைப் பறிகொடுத்த அப்பா அவர். அன்று அவர் அவையில் எதற்காக நின்றார் என்பது பிள்ளை பெற்ற யாருக்கும் புரியும்.

அதே 2012, மே மாதம். ஃபேஸ்புக் பங்குகளைச் சந்தையில் விடுமுன் முதலீட்டாளர்களைச் சந்திக்க மார்க் ஸக்கர்பர்க் நியூயார்க் வந்தார். போட்டிருந்தது ஹூடி. பங்குச்சந்தை ஆய்வாளர் ஒருவர், இது பக்குவமின்மை, முதலீட்டாளர்களுக்கு மரியாதை தரவில்லை என்று குறை சொன்னார். விவாதம் நடந்தது. பங்குகள் விற்றன. கம்பெனியின் மதிப்பு 10,000 கோடி டாலரைத் தாண்டியது. இன்னும் பதினொரு ஆண்டு கழித்து, பென்சில்வேனியா செனட்டர் ஜான் ஃபெட்டர்மேன் ஹூடியும் அரைக்கால் சட்டையுமாக வந்தபோது அமெரிக்க செனட் சபை உடை விதி பற்றிச் சண்டையிட்டு, 2023 செப்டம்பரில் தீர்மானமே நிறைவேற்றியது. இருவரும் வெள்ளைக்காரர்கள். இருவர் மீதும் வந்த புகார் மரியாதைக் குறைவு. இவர்களிடம் ஆயுதம் இருக்குமோ என்று ஒருவரும் கேட்கவில்லை. துணி அதே துணி.

ஹூடி தைக்கிறவர்கள் அறிந்த ஒரு விதி உண்டு. அமெரிக்காவுக்குப் போகும் சின்னப் பிள்ளைகளின் ஹூடியில் கழுத்து நாடா வைக்கக் கூடாது. சறுக்குமரத்தில் நாடா மாட்டிப் பிள்ளைகள் கழுத்து இறுகி இறந்திருக்கிறார்கள். அதனால் 1996இலேயே அங்கே பாதுகாப்பு வழிகாட்டுதல் வந்தது. 2011இல் இதைக் கடும் ஆபத்து என்றே விதியில் சேர்த்தார்கள். நாடா வைத்த பீஸ் போனால் சரக்கு திரும்பிவிடும். திருப்பூர் லைன்களில் குழந்தை சைஸ் வந்தால் நாடாவைக் கோக்காமல் விடுவது இதனால்தான். ஒரு நாடாவிலிருந்து பிள்ளையின் கழுத்தைக் காக்க இத்தனை அக்கறை எடுத்த தேசம், அதே பிள்ளை பதினேழு வயதில் அதே உடையோடு மழையில் நடந்து வரும்போது காப்பாற்றவில்லை.

அங்கே ஹூடி என்றால் நம்மிடம் கைலி இருக்கிறது. எத்தனையோ படங்களில் ரவுடி என்றால் மடித்துக் கட்டிய கைலி, கழுத்தில் கர்ச்சீப். பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. இரவு வண்டிச் சோதனையில் யாரை ஓரங்கட்டுகிறார்கள், யாரைக் கையசைத்துப் போகச் சொல்கிறார்கள் என்று நின்று கவனித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லோடு இறக்கிவிட்டு வீடு திரும்புகிறவன் கைலியைத் தவிர வேறு எதைக் கட்டுவான்?

அடுக்ககச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், காக்கிச் சட்டை போட்டவர்கள், எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் தலையை மூடிக்கொண்டு ஒரு பையன் நடந்து வந்தால், போனை எடுப்பதற்கு முன் ஒருமுறை வானத்தைப் பாருங்கள். மழை பெய்துகொண்டிருக்கலாம்.